பொட்டு வச்ச டிஸ்க்

அக்கா, அந்தப் பையை மட்டும் மிதிச்சிராதீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை, சீட்டு அகலம் இம்புட்டுத்தான், நீங்க காலை எங்கதான் வைப்பீங்க? உள்ள எங்க கம்பெனி டிஸ்க் இருக்கு. கம்ப்யூட்டர் டிஸ்க்கு. இங்க குடுங்க, நான் மடியிலயே வச்சுக்கிறேன். ஆங். இப்பத்தான் நிம்மதி.

வாசமா? அது சேவு. சாத்தூர் காராச்சேவு, ஒரு ஆளுக்கு வாங்கினேன். சேவு தனிப் பொட்டலம், டிஸ்க்கு தனிப் பொட்டலம். எண்ணெய் கிண்ணெய் பட்டுரக்கூடாதுன்னு டிஸ்க்கை சிவப்புப் பட்டுத்துணியில சுத்தி வச்சிருக்கேன். நான் இந்த விஷயத்துலயெல்லாம் ரொம்பக் கவனம்க்கா. எங்க காலண்டர் கம்பெனியில யாரை வேணா கேட்டுப் பாருங்க, மாரீஸ்வரி எதையும் மறக்க மாட்டாம்பாக.

மதுரைக்குத்தான் போறேன். மாட்டுத்தாவணியில எறங்கணும், இதை ஒரு ஆள் கையில குடுக்கணும், அடுத்த வண்டியைப் பிடிச்சு சிவகாசிக்குத் திரும்பிரணும். அம்புட்டுத்தான் சோலி. சேலையா? தீபாவளிக்கு எடுத்தது. சும்மா பீரோவுல கெடக்கேன்னு கட்டினேன். பூ, எங்க தெருவுல பூக்காரம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்துச்சு, பாவமா இருந்துச்சு, வாங்கி வச்சேன். கூரியர்ல அனுப்பலாமேன்னு ஆபீஸ்லயும் கேட்டாக. கூரியர்காரன் தூக்கித் தூக்கிப் போடுவான்க்கா! டிஸ்க் என்னத்துக்காகும்?

இந்த டிஸ்க்கு அந்த ஆள் கைக்குப் போனாத்தான் அவரு கம்பெனியில எங்க வேலை முடிஞ்சதுன்னு எழுதுவாங்க. எழுதிட்டா திங்கக்கிழமை அவரை ஓசூருக்கு அனுப்பிருவாங்க. இனிமே அங்கதானாம். போகட்டும், எனக்கு என்ன? விட்டுதுடா சனின்னு நான் பாட்டுக்கு என் வேலையைப் பாப்பேன். அந்த ஆளால நான் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?

பேரு அழகர். மதுரையில கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற கம்பெனியில புதுசா சேந்த இன்ஜினியரு, தனியா அனுப்பின முதல் வேலையே எங்களுதுதான். பேருக்குத் தகுந்தாப்புல எல்லாத்துக்கும் லேட்டு. பத்து மணிக்கு வர்றேம்பாரு, எங்க முதலாளி சாப்பிட்டுக் கை கழுவும்போது வந்து நிப்பாரு. தங்கச்சி கல்யாணம் முடிஞ்ச பெறகு ஆத்துல வந்து எறங்கற அழகர்சாமி கணக்குத்தான். வந்ததும் ஒரு சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பைப் பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

விஷயம் என்னன்னா, எங்ககிட்ட ஒரு பெரிய சிஸ்டம் இருக்கு. ஊர் ஊரா வர்ற காலண்டர் ஆர்டர், எந்தச் சாமி படம், கீழ எந்தக் கடை பேரு போடணும், எல்லாம் அதுக்குள்ளதான். சிஸ்டத்தையே ஓட்டுற ஓ.எஸ்.னு ஒரு சாப்ட்வேரு, அது பழசாப் போச்சு. தீபாவளி கழிச்சு எங்களுக்குப் புதுசா அச்சுக்குப் பிளேட் போடுற மெஷின் வர்றதா இருந்துச்சு. அந்த மெஷினு பழைய ஓ.எஸ்.ஸோட பேசவே பேசாதாம். அப்ப ஓ.எஸ்.ஸை மாத்தணும். ஆனா சீசன்ல சிஸ்டத்தை நிறுத்த முதலாளி விடுவாகளா? தங்கப்பழம் அண்ணாச்சின்னு பேரு. "என் நெஞ்சை வேணா நிறுத்திக்கோ, சிஸ்டத்தை நிறுத்தாத"ன்னுட்டாக.

அப்பத்தான் அந்த ஆளு ஒரு வழி சொன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு, அதை நான் மறைக்கலை. "மேடம், குடியிருக்கிற வீட்டை எதுக்கு இடிக்கணும்? பக்கத்துலயே அதே மாதிரி அச்சு அசலா இன்னொரு வீட்டைக் கட்டுவோம். புது ஓடு, புது ஒயரிங் எல்லாம் அங்க போட்டுக்குவோம். நீங்க பாட்டுக்குப் பழைய வீட்டுல சோறு பொங்கிட்டிருங்க. ஒரு நல்ல நாள் பாத்து ஒரே எட்டு, புது வீட்டுக்குக் குடிபோயிரலாம். சரிப்படலையா, பழைய வீடு அப்படியே பூட்டிக் கெடக்கு, திரும்பி வந்துரலாம்." சொல்லும்போது ரெண்டு கையையும் இப்படி இப்படி ஆட்டுவாரு. விரல் நீளம்.

ஒண்ணுமில்லைக்கா. அவங்க கம்பெனி இன்னொரு டிஸ்க்கு குடுத்துச்சு. அதை மாட்டி, ஓடிக்கிட்டிருக்கிற ஓ.எஸ்.ஸை அப்படியே அதுல நகல் எடுத்து, அந்த நகல் மேல புதுசை ஏத்துறது. ஆர்டர் விவரமெல்லாம் வேற டிஸ்க்குல பத்திரமா இருக்கு, அதை யாரும் தொடலை. புதுசு தேறினப்புறம் பழைய டிஸ்க்கை நாங்க பதிலுக்கு அவங்ககிட்டக் குடுத்துரணும். இந்தா என் மடியில இருக்கே, இதுதான்.

ஆயுத பூசைக்கு மொத நாளு நகல் எடுத்து, அது மேல புதுசையும் ஏத்தினாரு. ஏசி ரூமுல ரெண்டு பேரும் உக்காந்து நகல் ஏறுறதையே பாத்துட்டிருந்தோம். என்ன பேசினோம்னு கேக்காதீங்க, எனக்கே ஞாபகம் இல்லை, அவரு தங்கச்சி படிப்பு, எங்க வீட்டு முருங்கை மரம், இப்படி என்னமோ. சீக்கிரம் முடிஞ்சு போச்சு.

முடிஞ்சதும் ஒரு சிக்கல். ரெண்டு டிஸ்க்கும் பாக்க ஒண்ணு போல இருக்கும்க்கா, ரெட்டைப் பிள்ளைக கணக்கா. "எது புதுசுன்னு ஒரு அடையாளம் வைக்கணும் மேடம், ஸ்டிக்கர் இருக்கா?"ன்னாரு. ஊருக்கே லேபிள் அடிக்கிற சிவகாசியில ஸ்டிக்கரா இல்லை? ஆனா எந்திரிச்சுப் போக எனக்குச் சோம்பலு. சாமி படத்துல இருந்து குங்குமத்தை எடுத்து, புது டிஸ்க்கு நெத்தியில ஒரு பொட்டு வச்சேன். "ஸ்டிக்கர் உரிஞ்சுரும் சார், குங்குமம் நிக்கும்." அவரு பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. பெரிய புத்திசாலின்னு நினைச்சிருப்பாரு.

மறுநாள் ஆயுத பூசை. எங்க ஊரு பூசை உங்களுக்குத் தெரியாதுக்கா. மெஷினு, கத்தி, பசை வாளி, முதலாளி காரு, டீ கொண்டு வர்ற தூக்குவாளி வரைக்கும் சந்தனம் குங்குமம். சிஸ்டத்தையும் அணைச்சாச்சு. முதலாளி சம்சாரத்தை நாங்க மதினிம்போம். மதினி தாம்பாளத்தோட ஏசி ரூமுக்குள்ள போயிருக்காக. ஒரு டிஸ்க்குக்குப் பொட்டு இருக்கு, இன்னொண்ணு மொட்டை நெத்தியா இருக்கு. மனசு கேக்குமா? "ஐய, இதை மட்டும் எவ விட்டா?"ன்னு அதுக்கும் பளிச்சுனு ஒண்ணு வச்சுட்டாக. அதோட விட்டாகளா? என் பொட்டு சின்னதா இருக்குன்னு அதையும் பெருசாக்கிட்டாக!

பூசையில வச்சதை அன்னைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, மறுபூசை முடிஞ்சு, நல்ல நேரத்துல புது டிஸ்க்குல எழுப்பணும்னு முதலாளி உத்தரவு. கூடவே இன்னொரு உத்தரவு. "பழசை உருவி வெளிய வை. மாமியா உள்ள உக்காந்திருந்தா மருமக எப்படி அடுப்புப் பத்த வைப்பா?" ரெண்டும் உள்ளயே இருக்கலாம்னு அந்த ஆளு சொல்லிப் பாத்தாரு. எடுபடலை. சரின்னு கதவைத் திறந்தா, ரெண்டு நெத்தியிலயும் பொட்டு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலைக்கா. அவருக்கு வேர்த்துக் கொட்டுது. முதலாளி, மதினி, அச்சு செக்ஷன், பைண்டிங் செக்ஷன், எல்லாரும் பின்னாடி நிக்காக. நல்ல நேரம் முடியப்போகுது. அவரு என் காதுக்கிட்ட வந்து, "மேடம், எது?"ன்னாரு. "நான் வச்ச பொட்டு எனக்குத் தெரியாதா? வலது பக்கம்தான் புதுசு, இடதை உருவுங்க"ன்னேன். உருவிட்டாரு. அங்கதான் அவரு தப்புப் பண்ணிட்டாரு. ஒரு இன்ஜினியரு, பக்கத்துல யாரோ சொன்னாங்கன்னு உருவலாமா? நீங்களே சொல்லுங்க.

சுவிட்ச் போட்டதும் சிஸ்டம் எந்திரிச்சுச்சு. வெர்ஷன் நம்பர் பாக்க ஒரு வரி அடிச்சாப் போதும். அவரு கீபோர்டுக்குக் கையைக் கொண்டு போனாரு, அதுக்குள்ள முதலாளி அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்கிப் பொன்னாடை போத்திட்டாக. ஒரே கைதட்டு. வெளிய தேங்கா உடையுது. மதினி இலை போட்டுட்டாக. வடை, பாயாசம், அப்பளம். தின்னுட்டு அந்த ஆளு பொன்னாடையோட பஸ் ஏறிப் போயிட்டாரு. உருவின டிஸ்க்கை மதினி இந்தப் பட்டுத்துணியில சுத்திப் பீரோவுல வச்சுப் பூட்டினாக.

அப்புறம் எங்க ஆபீஸ்ல அடிச்ச கூத்து இருக்கே! "புதுசு புதுசுதான்யா, பறக்குது"ங்காக முதலாளி. பைண்டிங் சண்முகத்தாய், "பொத்தானை அழுத்தக் கையை நீட்டுறதுக்குள்ள பில்லு வந்து விழுகுது"ங்கா. எழுத்து முன்னைக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குன்னு கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாரு. முதலாளி மத்த பிரஸ்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு, "மதுரையில ஒரு பையன் இருக்கான், தங்கமான பையன்"னு ஒரே பெருமை. எனக்கும் பெருமைதான். எங்க கம்பெனிக்குப் பேரு வருதேன்னு பெருமை.

தீபாவளி நெருங்கையில பிளேட் மெஷின் கம்பெனியில இருந்து போனு, "உங்க ஓ.எஸ். என்ன வெர்ஷன்?"னு. புதுசுதான்னு மிதப்பாச் சொல்லிட்டு, எதுக்கும் பாத்துக்குவோமேன்னு அந்த வரியை அடிச்சேன்.

பழைய நம்பரு!

 அத்தனை நாளா பறந்துச்சுன்னு சொன்னதெல்லாம் பழைய டிஸ்க்கு. புதுசு பட்டுத்துணியைப் போத்திப் பீரோவுக்குள்ள தூங்குது. உடனே போனைப் போட்டேன். "சார், நாம குடிபோகவே இல்லை. பழைய வீட்டுலயேதான் பாயாசம் குடிச்சிருக்கோம்."  அவரு மெதுவா, "மாரீஸ்வரி, என் வேலை போச்சு"ன்னாரு. பொன்னாடை போத்தின போட்டோவை அவரு கம்பெனியில சுவத்துலயே ஒட்டிட்டாங்களாம். விஷயம் வெளிய வந்தா வேலையில நிரந்தரம் பண்ண மாட்டாங்க, வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. அந்த நேரத்துலயும் நான் ஒண்ணைக் கவனிச்சேன், மேடம்ங்கிறதை விட்டுட்டாரு. பயத்துல மனுசனுக்கு மரியாதை மறந்து போச்சு, பாவம்.

"அழுகாதீங்க, நான் இருக்கேன்ல"ன்னேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மாத்தணும்னா சிஸ்டத்தை அணைக்கணும். யாருக்கும் தெரியாம எப்ப அணைக்க? யோசிச்சேன், யோசிச்சேன், டக்குனு மண்டையில உதிச்சுச்சு. ராகுகாலம்! எங்க முதலாளி நாட்டுக்கே ராகுகாலம் அச்சடிச்சுக் குடுக்கறவுக. ராகுகாலத்துல எங்க ஆபீஸ்ல பில் போட மாட்டாக, ஆர்டர் ஏத்த மாட்டாக, போன் அடிச்சாலும் யோசிச்சுத்தான் எடுப்பாக. வெள்ளிக்கிழமைன்னா மதினியும் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போடக் கோயிலுக்குப் போயிருவாக. முதலாளி ரூமைச் சாத்திட்டுக் கண்ணை மூடிருவாக. சிஸ்டம் செத்தாக்கூட அந்த நேரத்துல கேக்க நாதி கெடையாது.

வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். வந்தாரு. பீரோ சாவியை மதினிகிட்ட வாங்கி வச்சிருந்தேன். எதுக்குன்னு கேட்டாக, டிஸ்க்கைக் காத்தாட விடணும்னேன். மதினி ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே குடுத்தாக. "காத்தாட விடு, விடு"ன்னாக. எதுக்குச் சிரிச்சாகன்னு இன்னைய வரைக்கும் எனக்குப் புரியலை.

எல்லாம் சரி, அந்த நேரத்துல எனக்கே ஒரு சந்தேகம். "ராகுகாலத்துல புது ஓ.எஸ்.ஸை எப்படி சார் எழுப்புறது? வெளங்குமா?"ன்னேன். அந்த ஆளு அசரலை. "இது புது வேலையா? விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல ஆரம்பிச்ச வேலையோட மிச்சம்தானே?"ன்னாரு. எம்புட்டு அறிவு பாத்தீங்களா! சும்மா சொல்லக்கூடாது.

பழசை உருவி, புதுசை மாட்டி, சுவிட்சைப் போட்டாச்சு. எந்திரிக்க மாட்டேங்குது. மொத தடவை எந்திரிக்கும்போது நேரமாகும்னாரு, ஆனா அவரு மூஞ்சியே சரியில்லை. திரை கறுப்பா நிக்குது. கோயில்ல இருந்து மதினி வந்துருவாகளோன்னு வேற பயம். நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். பயத்துலதான்க்கா. ஏசி ரூமுல கை சில்லுனு இருந்துச்சு. திரையில எழுத்து ஓட ஆரம்பிச்சுச்சு. அவரு அந்த ஒரு வரியை அடிச்சாரு, ஒத்தைக் கையால. புது நம்பரு! நான் குதிச்சேன், அவரும் குதிச்சாரு, யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சத்தமில்லாமக் குதிச்சோம். யாராவது பாத்திருந்தா வேப்பிலை அடிக்கத்தான் கூட்டிட்டுப் போயிருப்பாக.

ராகுகாலம் முடிஞ்சு முதலாளி வெளிய வந்தாக. ஒரு ஆர்டரைப் பாத்தாக. "ஏட்டி மாரீஸ்வரி, என்ன இன்னைக்கு மந்தமா இருக்கு? நேத்து வரைக்கும் பறந்துச்சே?"

எப்படி இருக்கும் எனக்கு? சண்முகத்தாய் வந்து, "ஆமா அண்ணாச்சி, பில்லு சொணங்குது"ங்கா. கணக்குப்பிள்ளை கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கிட்டாரு. அழகர் சார் கதவோரம் சுவத்தோட சுவரா நிக்காரு. "எதையாவது நோண்டினீகளா? பேசாமப் பழைய டிஸ்க்கையே போடு, போதும்"னுட்டாக முதலாளி.

நான் நேரா உள்ள போனேன். ஈரத்துணியை எடுத்து டிஸ்க்கு நெத்தியைத் துடைச்சேன். புதுசா சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, ஒரு சூடத்தைக் காட்டிட்டு வெளிய வந்து, "பொட்டு அழிஞ்சிருந்துச்சு அண்ணாச்சி, வச்சுட்டேன். இப்பப் பாருங்க"ன்னேன். முதலாளி கீபோர்டுல ஒரு தட்டுத் தட்டினாக. "ஆங்! இப்பப் பறக்குது!"

அந்த ஆளு சிரிப்பை அடக்க முடியாம வாசலுக்கு ஓடிட்டாரு. நான் பின்னாடியே ஓடினேன், தண்ணி குடுக்க.

அப்புறம் பிளேட் மெஷினு வந்துச்சு, புது ஓ.எஸ்.ஸோட நல்லாப் பேசுச்சு, எல்லாம் சுபம். பழசை மட்டும் கொஞ்ச நாள் பீரோவுலயே வச்சிருங்க, எதுவும்னா திரும்பிக்கலாம்னு சொல்லியிருந்தாரு. தெனமும் போன் பண்ணுவாரு. "சிஸ்டம் எப்படி இருக்கு?"ம்பாரு, நல்லாருக்கும்பேன். அப்புறம் நான் சாப்பிட்டேனான்னு கேப்பாரு. அவரு கம்பெனி சர்வீஸ் ரொம்ப நல்ல சர்வீஸ்க்கா. நடுவுல டிஸ்க்கை வாங்கிக்கிறேன்னு அவரே ஒரு தடவை வந்தாரு, பேசிட்டிருந்துட்டு டிஸ்க்கை வாங்காமலே போயிட்டாரு. நான் ஒரு தடவை மதுரைக்குக் கொண்டு வந்தேன், கோயில், தெப்பக்குளம்னு சுத்திட்டு, குடுக்க மறந்து நானே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன். அது அவரு கேக்காததால. நான் மறக்கிற ஆளு இல்லை.

இனிமே தள்ள முடியாது. அவரு மேலதிகாரி கண்டிப்பாச் சொல்லிட்டாராம். இன்னைக்கு டிஸ்க்கு, திங்கக்கிழமை ஓசூரு.

 அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கக்கா. கப்பலூர் தாண்டினாலே தூசி.

நீங்க டிஸ்க்கைப் பாத்ததே இல்லைல? இருங்க காட்டுறேன், மாட்டுத்தாவணி வந்துருச்சு, எறங்குறதுக்குள்ள பாத்துக்கோங்க. இந்தா, இதான் பட்டுத்துணி. முடிச்சு இறுக்கமா இருக்கு. காலையில அவசரத்துல கட்டினது, ரெண்டு பொட்டலத்தையும் ஆபீஸ் மேசையில வச்சுக்கிட்டு...

சேவு.

இருங்க. இருங்கக்கா. பட்டுத்துணிக்குள்ள சேவு இருந்தா டிஸ்க்கு எங்க? பைக்குள்ள ஒண்ணுமில்லை. சீப்பு, பவுடர் டப்பா, குடை. அடியாத்தீ! மேசை மேலயே வச்சுட்டு வந்திருக்கேன்! சிரிக்காதீங்கக்கா. நெசமா மறந்துட்டேன். எங்க அம்மா சத்தியமா மறந்துட்டேன்!

இப்ப டிஸ்க்கு இல்லாம வேலை முடிஞ்சதுன்னு எழுத முடியாது. எழுதலைன்னா திங்கக்கிழமை ஓசூருக்கு எப்படி அனுப்புவாங்க? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஆபீஸ் பூட்டு. ஐயோ, அங்க பாருங்க, டீக்கடைக்கிட்ட, நீலச் சட்டை. என்னைக்கும் இல்லாம இன்னைக்குன்னு பாத்து முன்னாடியே வந்து நிக்காரு. பாவம், இதைக் கேட்டா மனுசன் எம்புட்டு வருத்தப்படப் போறாரோ!

அண்ணே, வண்டியை நிறுத்துங்கண்ணே! அக்கா, காலை மடக்குங்க, கொஞ்சம் வழி விடுங்க, நான் சீக்கிரம் போய்ச் சொல்லணும்!